பணியக்கணக்கு வீரய்யா அவர்கள்

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மாடியா, மூன்று மாடியா என்று போன மாதம் ஒருவர் கேட்டார். மூன்று என்று உடனே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், மூன்றாம் மாடியில் இருந்த ஒரு கடையின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. பன்னிரண்டு வருடம் அதற்குள் உட்கார்ந்திருந்தவன் நான். தினமும் ஏறி இறங்கிய படிகள் இருபத்திரண்டு என்று எண்ணி வைத்திருந்தேன். இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது. நான் அதிகம் வாசிக்கிறவன். வாசித்ததும் பார்த்ததும் எனக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஆகவே இதில் வரும் வருடங்களையும் எண்களையும் யாரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பவுலினின் குரலைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பலாம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஹட்டனில் இருந்து வட்டவளைப் பக்கம் இறங்கும் வீதியில், ஒரு சந்தியில் அந்தக் கட்டடம் நின்றது. 'லிங்கம் கொம்ப்ளெக்ஸ்' என்று பச்சை எழுத்தில் பெயர். 1994ஆம் ஆண்டு திறந்தார்கள். கட்டியவர் முத்துலிங்கம். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, துணி மூட்டையைத் தலையில் சுமந்து தோட்டம் தோட்டமாக விற்று முதலாளியானவர். மழையில் நனைந்து நனைந்து துணி விற்ற மனிதருக்கு, சனங்கள் நனையாமல் துணி வாங்க ஓர் இடம் கட்ட வேண்டும் என்ற ஆசை. எங்கள் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஆசையின் பெருமை விளங்கும். நடுவில் ஒரு முற்றம், அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கடைகள், எல்லாவற்றுக்கும் மேலே வெளிச்சத்தை உள்ளே விடும் தகடுகளால் ஒரு கூரை. வெளியே வானம் கொட்டிக்கொண்டிருக்கும்போது முற்றத்தின் நடுவில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு சும்மா மேலே பார்த்து நிற்பார்கள். சாமான் வாங்க வந்ததையே சிலர் மறந்துவிடுவார்கள்.

இருபத்தெட்டுக் கடைகள். துணிக் கடைகள், நகைக் கடை, ஸ்டூடியோ, கசெட் கடை, ஐஸ்கிறீம் விற்கும் கூல்பார், தையல்காரர்கள். முதலாம் மாடி மூலையில் என் புத்தகக் கடை. கொப்பி, பேனை, கலண்டர், பரீட்சை வினாத்தாள்கள் இவைதான் விற்றன. புத்தகங்களை நானே வாசித்துக்கொண்டிருந்தேன். கட்டடம் வந்த பிறகு சந்தியே மாறிப்போனது. முன்பு ஒரு தேநீர்க் கடையும் ஒரு சைக்கிள் கடையும் மட்டும் இருந்த இடத்தில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன, டியூஷன் வகுப்புகள் வந்தன, பொகவந்தலாவை பஸ் வந்து நின்றால் பாதிப் பேர் அங்கேயே இறங்கினார்கள்.

என் கடைக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்னப் பலகை அறை. அதற்குள் ஒரு மைக்கும் பவுலினும். எட்டு மூலைகளில் எட்டு ஒலிபெருக்கிகள். பவுலினுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா இராயப்பன், தோட்டத்தில் வேலை செய்து நெஞ்சு நோயோடு வீட்டில் இருந்தவர். வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான். மாதா கோயிலில் அவள் வேதாகமம் வாசிப்பதைக் கேட்டு முத்துலிங்கம் அவளைக் கூட்டி வந்திருந்தார். கடை விளம்பரங்களை வாசிப்பது வேலை. ஆட்களைக் கூப்பிடுவது இடையில் வந்து சேர்ந்தது. அப்போது கையில் போன் வைத்திருந்தவர் யாரும் இல்லை. ஒரு குடும்பம் உள்ளே வந்தால் அம்மா சேலைப் பக்கமும் அப்பா கசெட் பக்கமும் பிள்ளைகள் வளையல் பக்கமும் போய்விடும். மறுபடி ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க மைக்தான் வழி.

கூப்பிட வேண்டிய பெயர்களைத் துண்டில் எழுதிக் கொடுப்பவர் துரைராசா, கொம்ப்ளெக்ஸின் முகாமையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்று, ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்த மகள் ரோகினியோடு வந்து தங்கியிருந்தார். மலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

கட்டடம் திறந்த வாரத்தில் ஒரு பெண் அவருடைய மேசைக்கு வந்தாள். பெயர் பேச்சியம்மா.

"எங்க வீட்டுக்காரரைக் காணோங்க."

"ஆளின்ரை பேர் என்ன?"

"வீரய்யாங்க."

"எவ்விடம்?"

"பணியக்கணக்குங்க."

துரைராசா கதிரையில் இருந்து பாதி எழும்பிவிட்டார். "ஓ, கணக்குப் பகுதியோ. இருங்கோ அம்மா, இப்பவே கூப்பிடுவிக்கிறன்."

எங்கள் தோட்டங்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் கணக்கு என்று பெயர். மலையில் மேலே இருப்பது மேக்கணக்கு, கீழே இருப்பது பணியக்கணக்கு. துரைராசாவுக்கு அது எப்படித் தெரியும்? பணியகம், அதாவது அலுவலகம், என்று அவர் காதில் விழுந்தது. தபால் கந்தோரில் பழகிய அழகான கையெழுத்தில் அவர் எழுதிக் கொடுத்த துண்டைப் பவுலின் அப்படியே வாசித்தாள். வேலைக்கு வந்து நாலாம் நாள். எழுதியதை மாற்ற அவளுக்கு இன்னும் துணிவு வரவில்லை.

"பணியகக் கணக்காளர் திரு. வீரய்யா அவர்கள் எங்கிருந்தாலும் முதலாம் மாடி ஒலிபரப்பு அறைக்கு வரவும்."

அந்த நேரம் வீரய்யா என் கடையில்தான் நின்றார். இடுப்பில் சாரம், மேலே பழைய கோட்டு, கையில் முருகன் படம் போட்ட கலண்டர்.

"பாத்தீங்களா தம்பி, என் பேருல ஒரு கணக்காளரு இருக்காரு" என்றார்.

மைக் மறுபடி பேசியது. "திரு. வீரய்யா அவர்களை அவருடைய மனைவி பேச்சியம்மா அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்."

"அட, அவரு பொண்டாட்டியும் பேச்சிதானாம்."

நான் புத்தகத்தை மூடிவிட்டு அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கலண்டரை மெதுவாக மேசையில் வைத்தார். கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒரு பித்தான் இல்லை. அந்த இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அடுத்த அறையின் ஜன்னலுக்குப் போனார்.

"கூப்பிட்டது என்னையாங்க?"

"ஒங்களத்தாங்க" என்றாள் பவுலின்.

"நான் கணக்காளரு இல்லீங்க. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுறவன்."

"தெரியுங்க. எங்க அப்பாவும் மேக்கணக்குதான்."

பின்னால் வந்து நின்ற பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இருக்கட்டும் விடுங்க. வந்ததுக்கு இன்னைக்கு ஒரு நாளு கணக்காளரா இருந்துட்டுப் போங்க" என்றாள்.

அவர்கள் படி இறங்கிப் போவதைப் பவுலின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதர் வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் உயரமாகத்தான் போனார் என்று எனக்குத் தோன்றியது. இதுவும் என் ஞாபகம் கூட்டிச் சொல்வதாக இருக்கலாம்.

விஷயத்தை விளக்கியபோது துரைராசா தலையில் கை வைத்துக்கொண்டார். "பிழையாப் போச்சு பிள்ளை. எனக்கென்னெண்டு தெரியும். இனி ஆளைப் பாத்து அளவா எழுதுறன்."

"கணக்காளர மட்டும் வெட்டுங்க சேர். 'திரு'வும் 'அவர்க'ளும் இருக்கட்டும்."

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்."

துரைராசா துண்டில் 'பணியகக் கணக்காளர்' என்பதை மட்டும் வெட்டினார். பிறகு, "தமிழுக்கும் அதுதான் வடிவு" என்றார்.

இவ்வளவுதான் தொடக்கம். ஆனால் இதன் கனம் எங்களுக்குத்தான் தெரியும். எங்கள் சனங்களின் பெயர் உரக்கக் கூப்பிடப்படும் இடங்கள் அப்போது மூன்று. விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது. ஆஸ்பத்திரி வரிசையில். வீதிச் சோதனையில் அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கும்போது. மூன்று இடத்திலும் வெறும் பெயர்தான். மூன்று இடத்திலும் பெயர் விழுந்தால் என்ன பிழையோ என்றுதான் முதலில் நினைப்போம். முதல் மாதம் மைக்கில் கூப்பிட்டபோது பலர் வராமல் ஒளிந்துகொண்டார்கள். அதனால் பவுலின், "பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் மகள் கூல்பாரில் காத்திருக்கிறார்" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினாள். யார் தேடுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லாமல் அவள் ஒரு பெயரையும் கூப்பிட்டதில்லை. சிங்களத்தில் சொல்லும்போது எல்லா ஆண்களுக்கும், 'திரு'வைப் போன்ற 'மஹத்தயா' போட்டாள். மழை தகட்டில் விழும்போது மட்டும் கூப்பிட மாட்டாள். பாதி கேட்டும் பாதி கேட்காமலும் ஒருவர் பெயர் போகக் கூடாது என்பாள். மழை விடும்வரை மைக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு இருப்பாள். அந்த மௌனங்களில் நான் எத்தனையோ பக்கம் வாசித்திருக்கிறேன். வாசிப்பதுபோல் இருந்திருக்கிறேன் என்பதும் உண்மைதான்.

ஒரு வருடத்துக்குள், காணாமல் போகாதவர்களும் துண்டு கொடுக்க வந்தார்கள். முற்றத்தில் நின்று தங்கள் பெயர் எட்டு மூலையிலும் ஒலிப்பதைக் கேட்பார்கள். முதல் தடவை காதில் விழாததுபோல் நின்று, இரண்டாம் தடவைக்குப் பிறகு நடக்கிறவர்களும் இருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பேச்சியம்மா தனியாக ஜன்னலுக்கு வந்தாள்.

"ஆரத் தேடுறீங்க அக்கா?"

"ஆரையும் இல்ல. காலையில ரெண்டு நிமிசம் பிந்திட்டேன்னு பெரட்டுல பேரு இல்லைன்னுட்டாரு கண்டாக்கையா. இங்கயாவது எனக்கு ஒரு பேரு போடும்மா."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பார்கள். பேர் விழாவிட்டால் அந்த நாள் இல்லை. பவுலின் சிரிக்கவில்லை. "திருமதி பேச்சியம்மா அவர்கள் எங்கிருந்தாலும் ஒலிபரப்பு அறைக்கு வரவும். உங்களைப் பவுலின் தேடிக்கொண்டிருக்கிறார்" என்று, எதிரே நின்றவளைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

"வந்துட்டேன்" என்றாள் பேச்சியம்மா.

பேச்சியம்மா சொன்ன அந்தக் கண்டாக்கையாவின் பெயர் பொன்னையா. மலையில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். பெரட்டில் பெயர் கூப்பிடுவது அவர்தான். 1998இல், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவர் மனைவியோடு நகைக் கடைக்கு வந்தார். கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள். மனைவி துரைராசாவிடம் அவர் பெயரைக் கொடுத்திருக்கிறார். மனைவி மேலே இருப்பார் என்று நினைத்து அவரும் படி ஏறி வந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பவுலின், "திரு. வீரய்யா அவர்கள்" என்று கூப்பிட்டு முடித்து, அடுத்த துண்டைக் கையில் எடுத்தாள். பொன்னையா ஜன்னலில் நின்றார்.

"இப்ப கூப்பிட்டது எங்க வீரய்யாவையா? பணியக்கணக்கு?"

"ஆமாங்க ஐயா."

"அவனுக்கு 'அவர்க'ளா?"

"ஆமாங்க."

"எனக்கு?"

"ஒங்களுக்கும் அதேதாங்க. எழுதியிருக்கு பாருங்க."

அவர் துண்டை வாங்கிப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாளைக்குப் பெரட்டுல நானும் 'திரு. வீரய்யா அவர்கள்'னு கூப்பிடணுமோ?"

பவுலின் பணிவாகவே சொன்னாள். "கூப்பிட்டுப் பாருங்க ஐயா. நேரத்துக்கு வந்துருவாரு."

வெளியே வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. பொன்னையா திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினார். அவர் பெயரைக் கூப்பிடவே இல்லை.

அடுத்த வாரத்தில் இருந்து ஆறேழு தோட்டங்களின் உத்தியோகத்தர் குடும்பங்கள் லிங்கம் கொம்ப்ளெக்ஸ் பக்கம் வரவில்லை. நகையும் விலை கூடிய துணியும் வாங்கியவர்கள் அவர்கள்தான். கடைக்காரர்கள் முத்துலிங்கத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மைக் அறைக்கு வந்தபோது நான் பலகைக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"பவுலின், கண்டாக்குமாருக்கு மட்டும் 'ஐயா'ன்னு ஒண்ணு சேத்துக்கம்மா. முடிஞ்சு போச்சு."

"அப்ப எல்லாருக்கும் ஐயா சேத்துர்றேன் முதலாளி."

"எங்கூட வெளையாடுறியா?"

"இல்லீங்க."

முத்துலிங்கம் கோபப்படத் தெரியாதவர். அதனால் அவருடைய குரல் இன்னும் இறங்கியது. "தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கூட்டம் கொறைஞ்சா அந்த 'அவர்க'ள நீ எடுத்துரணும். எடுக்க மாட்டேன்னா வேற புள்ளையத்தான் பாக்கணும்."

அன்று மழை வேறு. பவுலின் மைக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் பலகை இடுக்கு வழியாக, "ஒரு சொல்லுத்தானே பவுலின். அப்பாவுக்கு மருந்து வேணும்ல" என்றேன்.

அவள் மைக்கில் இருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னாள். "பொஸ்தகம் விக்கிற நீங்களே ஒரு சொல்லுத்தானேங்கிறீங்க."

நான் விரித்திருந்த புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு வந்தது. உத்தியோகத்தர் எவரும் வரவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கே பொகவந்தலாவை பஸ் இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாகச் சந்தியில் வந்து நின்றன. எதிர்ப் பக்கத்தில் இறம்பொடையில் இருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள். பவுலினின் வேலை போகலாம் என்று கேள்விப்பட்ட வீரய்யா பெரட்டிலும் கோயிலிலும் பஸ்ஸிலும் நின்று என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. யாரும் ஊர்வலமாக வரவில்லை, யாரும் கோஷம் போடவில்லை. வந்து துணி வாங்கினார்கள், ஐஸ்கிறீம் குடித்தார்கள், தொலைந்து போனார்கள். ஒவ்வொரு குடும்பமும் தவறாமல் தொலைந்து போனது. துரைராசா எழுதி எழுதி விரல் மரத்துக் கையை உதறிக்கொண்டார். "என்ன பிள்ளை இது, ஒரு தோட்டமே காணாமப் போட்டுது" என்றார். ஒன்பது மணியில் இருந்து நாலு மணி வரை பவுலின் கூப்பிட்டாள். ஒருவரின் 'அவர்க'ளையும் அவள் விழுங்கவில்லை. அவசரத்தில் ஒரு பெயரையும் ஓடவிடவில்லை. கடைசிப் பெயரும் முதற் பெயரைப்போல முழுசாக வந்தது. மலையில் நான் கேட்ட குரல்களில் அவ்வளவு நேர்த்தியான குரல் வேறு இல்லை.

மூன்று மணிவாக்கில் முத்துலிங்கம் தானே படி ஏறி வந்தார். கையில் கொத்தமல்லித் தண்ணீர். அதை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தொண்டை போயிரும். மெதுவாக் கூப்பிடு" என்றார். போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசவே இல்லை.

கண்டாக்கையாவால் முடியாததைக் கையடக்கத் தொலைபேசி செய்தது. 2002க்குப் பிறகு என்று நினைக்கிறேன். முதலில் ஆட்டோக்காரர்களிடம், பிறகு கொழும்புக்கு வேலைக்குப் போய் வந்த பிள்ளைகளிடம், பிறகு எல்லாரிடமும் போன் வந்தது. முற்றத்தில் நின்று, "நான் கீழ நிக்கிறேன், நீ எங்க இருக்க" என்று காதோடு பேசினார்கள். ஒருவரும் தொலையவில்லை. வீதியை அகலமாக்கியபோது பஸ் தரிப்பிடத்தை டவுன் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். ரயில் நிலையத்தருகில் பெரிய சுப்பர் மார்க்கெட் வந்தது. முதலில் கசெட் கடை மூடியது, பிறகு ஸ்டூடியோ, பிறகு தையல்காரர்கள். டியூஷன் வகுப்புகள் போயின. ஆட்டோக்கள் வேறு சந்திக்குப் போயின. கூரைத் தகடுகளில் பாசி ஏறி முற்றம் பச்சையாக இருண்டது. சைக்கிள் கடை மட்டும் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. போர் நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கு வீதி திறந்ததும் துரைராசா ஊருக்குப் போனார். போகும்போது தன் பேனையைப் பவுலினிடம் கொடுத்து, "இனி நீரே எழுதி நீரே வாசியும்" என்றார்.

அவள் அப்படியே செய்தாள். ஒன்பது மணிக்கு வருவாள். மைக்கைத் துடைப்பாள். ஒரு நாளைக்கு ஐந்து பெயர், பிறகு மூன்று, பிறகு ஒன்று. முற்றத்தில் பதினைந்து பேர் நிற்கும்போதும், ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே நிதானத்தோடு சொன்னாள். மைக்கில் பாட்டுப் போடலாம் என்று மிச்சம் இருந்த கடைக்காரர்கள் சொன்னார்கள். முத்துலிங்கம் கேட்கவில்லை. கூட்டம் குறைந்தால் 'அவர்க'ளை எடுக்கச் சொன்ன மனிதர், கூட்டமே இல்லாதபோது அதற்குக் காவல் இருந்தார்.

2006 ஜூன் மாதம் கட்டடத்தை விற்றார். கடைசி நாள் மூன்று கடைகள்தான் திறந்திருந்தன. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு கிழவர், கைப்பிடியைப் பற்றிப் பற்றி மாடி ஏறி வந்தார். ஜன்னலுக்கு முன் வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. பொன்னையா.

"இன்னைக்கு மூடுறாங்கன்னு வீரய்யா சொன்னான்."

"ஆமாங்க ஐயா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "அன்னைக்குத் துண்ட நான் எடுத்துட்டுப் போயிட்டேன். நீ கூப்பிடல."

"ஞாபகம் இருக்குங்க."

"இப்பக் கூப்பிடு."

பவுலின் துரைராசாவின் பேனையை எடுத்தாள். "இப்ப எங்க ஐயா இருக்கீங்க? குவாட்டர்ஸ்தானா?"

"அது வேலையில இருக்கிற வரைக்கும். புதுக் கண்டாக்கு வந்துட்டாரு. தோட்டத்துத் தொரைகிட்டக் கேட்டு ஒரு லயத்துக் காம்பரா வாங்கிக்கிட்டேன். பணியக்கணக்குல. கடைசி வீடு."

அவள் எழுதினாள். எழுதிவிட்டுக் கேட்டாள். "அம்மா கீழ நிக்கிறாங்களா?"

"அவ போயி மூணு வருசம்."

"பிள்ளைங்க?"

"கொழும்புல."

பேனை நின்றது. "அப்ப ஆரு தேடுறாங்கன்னு சொல்லட்டுங்க?"

அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதத்து மழை, தகட்டில் கல்லைக் கொட்டுவதுபோல. பவுலின் மைக்கின் மேல் கையை வைத்தாள். பொன்னையா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் கடையில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. மூன்றரை மணிக்கு வீதியில் அவருடைய பஸ் ஹோர்ன் அடித்தது. நேரே அந்தத் தோட்டத்துக்குப் போகும் பஸ் அது ஒன்றுதான். எங்கள் மூவருக்கும் கேட்டது. அவர் அசையவில்லை. பஸ் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் யாரும் யாருடனும் பேசவில்லை. பேசாமல் இருந்த நேரங்களில் என் வாழ்க்கையில் அதைப் போல் நிறைந்த நேரம் குறைவு.

மழை விட்டது. கூரையில் இருந்து சொட்டுவது நிற்கும்வரை பார்த்திருந்து, பவுலின் கண்ணாடி வழியாக என் கடையை ஒரு தடவை பார்த்தாள். துண்டில் ஏதோ எழுதினாள். மைக்கைத் திறந்தாள்.

"பணியக்கணக்கு திரு. பொன்னையா அவர்கள் எங்கிருந்தாலும் முதலாம் மாடிப் புத்தகக் கடைக்கு வரவும். பயப்பட ஒன்றுமில்லை. திரு. ஜூலியன் அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்."

எட்டு மூலைகளில் ஐந்துதான் அப்போது வேலை செய்தன. காலிக் கடைகளுக்குள் போய் அவர் பெயரும் என் பெயரும் திரும்பி வந்தன. அவள் வழக்கம்போல இரண்டாம் தடவையும் சொன்னாள்.

பொன்னையா ஜன்னலில் இருந்து என் கடைக்கு வரப் பத்து அடிகூட இல்லை. அவர் அந்தப் பக்கம் வரவில்லை. மறுபக்கம் திரும்பி, மூடிய கடைகளின் முன்னால் முற்றத்தைச் சுற்றி முழுசாக நடந்து, கூட்டத்துக்குள் இருந்து வருகிறவர்போல வந்து என் வாசலில் நின்றார். சட்டைக் கொலரைச் சரி செய்துகொண்டார்.

"கூப்பிட்டீங்களாமே."

நான் எழுந்து என் கதிரையை அவருக்குக் கொடுத்தேன். "ஆமாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். பலகைப் பக்கம் தலையைத் திருப்பி, "அதே 'அவர்கள்'தானே போட்ட?" என்று கேட்டார்.

"அதேதாங்க ஐயா. வேற எங்கிட்ட இல்ல" என்றாள் பவுலின், மைக்கை நிறுத்தாமலே. அது ஐந்து மூலையிலும் கேட்டது.

அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். பிறகு ஆட்டோ பிடித்து நான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

பொன்னையா அடுத்த வருடம் அந்தக் கடைசி வீட்டில் இறந்தார். மரண அறிவித்தலை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் தோட்டம் தோட்டமாகச் சொல்லிப் போனவர் வீரய்யா. வீரய்யா வேலையில் இருந்து நின்றுவிட்டார். பேச்சியம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறாள். துரைராசா 2008இல் யாழ்ப்பாணத்தில் காலமானார் என்று ரோகினி எழுதியிருந்தார். முத்துலிங்கம் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். கட்டடத்தில் இப்போது சீமெந்து மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். மூன்றாம் மாடி கட்டி முடிக்கப்படவே இல்லை, தூண்கள் மட்டும்தான் நின்றன என்று அவருடைய மகன் கோபிசங்கர் சொல்கிறார். இராயப்பன் இறந்துவிட்டார். பவுலின் ஹட்டனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் நோயாளரை இலக்கம் சொல்லிக் கூப்பிடும் வேலைக்குப் போய், இரண்டு மாதத்தில் விட்டுவிட்டாள். இப்போது வட்டவளைப் பக்கத்துப் பாலர் பாடசாலை ஒன்றில் இருக்கிறாள். நான் வீட்டு முன்னறையில் கொப்பி, பேனை விற்கிறேன்.